சீரமைப்பதா? மாற்றுவதா?

கெடா மாநிலத்தின் மூடா வட்டாரத்தில் ஆண்டுக்கு 2 முறை நெல் பயிரிடப்படுகிறது. வாய்க்காலில் நீர் திறக்கப்படும் அட்டவணையை ஒட்டியே உழவும் விதைப்பும் நடைபெறும். அவ்வேளையில் டிராக்டரின் எஞ்சின் செயலிழந்தால், அதைப் பிரித்துச் சீரமைப்பதா, வேறு எஞ்சின் பொருத்துவதா என்று விவசாயி விரைவில் முடிவெடுக்க வேண்டும்.

முதலில், பழுதின் தன்மையை அறிய வேண்டும். பிஸ்டன் வளையங்களும் பேரிங்குகளும் நாளடைவில் தேயக்கூடியவை. தேய்ந்த பாகங்களை மாற்றினால் எஞ்சின் மீண்டும் நன்கு இயங்கும். ஆனால், எஞ்சினின் வார்ப்பிரும்பு உடற்பகுதியில் பெரிய விரிசல் ஏற்பட்டிருந்தால் சீரமைப்புச் செலவு மிகும். அப்போது பெரும்பாலும் வேறு எஞ்சினே ஏற்றது.

அடுத்து, உதிரிபாகங்களின் விலை, கூலி, காத்திருக்கும் நாள்கள் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பயன்படுத்தப்பட்ட எஞ்சின் மலிவாகக் கிடைக்கலாம். எனினும், அதன் உள்தேய்மானம் வெளியே தெரியாது.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், பழுதின் மூல காரணத்தைப் போக்குவது அவசியம். சேறும் வைக்கோல் தூசியும் ரேடியேட்டரை அடைத்ததால் எஞ்சின் சூடேறிக் கெட்டிருக்கலாம். ரேடியேட்டரைச் சுத்தம் செய்யாவிட்டால், புதிய எஞ்சினும் அவ்வாறே கெட்டுவிடும்.