கொடுத்துக் கேட்டல்

பாடசாலைக்கு நூலகமோ கிணறோ வேண்டுமெனின், அதிபரும் அபிவிருத்திச் சங்கத்தாரும் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் வீடுவீடாகச் செல்வது நம் நாட்டு வழக்கம். கேட்குமுன் சிறிதொன்றைக் கொடுத்தால் நன்கொடை பெருகுமா? ஜேர்மன் பொருளியலறிஞர் ஆர்மின் பால்க் இதனைச் சோதித்துப் பார்த்தார்.

2001ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில், சுவிற்சர்லாந்தின் சூரிச் பகுதியில் ஏறக்குறைய 10,000 பேருக்கு ஓர் அறநிலையத்தின் வேண்டுகோள் சென்றது. வங்காளதேசத்து டாக்கா நகரின் தெருவோரச் சிறார்க்குரிய பாடசாலைகளுக்கே பணம் கேட்கப்பட்டது. ஒரு பகுதியினர் வெறுங்கடிதம் பெற்றனர். ஒரு பகுதியினர் அதனுடன் ஒரு தபாலட்டையும், எஞ்சியோர் நான்கு அட்டைகளும் பெற்றனர். அட்டைகளை அணிசெய்தவை அச்சிறார் தீட்டிய ஓவியங்கள். வெறுங்கடிதம் பெற்றோருள் 100க்கு 12 பேர் கொடுத்தனர். ஓரட்டை பெற்றோருள் 14 பேர். நான்கு பெற்றோருள் 21 பேர். அடுத்த பெப்ரவரியில் அட்டையின்றிக் கேட்டபோதும், முன்னர்ப் பரிசு பெற்றோரின் கொடை பெரிதாகக் குறைந்துவிடவில்லை. இம்முடிவுகள் 2007இல் வெளியாயின.

பரிசு முதலில் வந்தது, நிபந்தனையின்றி வந்தது. அட்டையை வைத்துக்கொண்டு பணம் அனுப்பாதிருக்கத் தடையேதுமில்லை. ஆயினும், பெற்றபின் வாளாவிருக்கப் பலருக்கு மனம் ஒப்பவில்லை. இதற்கு மாறாக, "பணம் தந்தால் பேனா தருவோம்" என்னும் பாங்கில் அமைந்த வேண்டுகோள்கள் கொடையைக் குறைத்தனவென 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. ஈகை அங்கே கொள்வனவாகி விடுகிறது போலும். அதிபரின் உருவப்படம் பொறித்த நாட்காட்டி எவ்வகையிற் சேருமென்பதை நேயர்களே தீர்மானிக்கலாம்!

ஆனால், வணிகரின் கையைத் திறக்கும் அதே பரிசு கூலித்தொழிலாளியின் கழுத்தை நெரிக்கவுங் கூடும். 1945இல் இலவசக் கல்வி பெற்ற நாடு இது. பிள்ளையின் கையில் அட்டையைக் கொடுத்தனுப்பி, மறுநாள் வகுப்பில் "கொண்டு வந்தாயா?" என வினவுதல் கட்டணம் அறவிடுதலின் வேறன்று. கொண்டுவர இயலாத பிள்ளை மறுநாள் பாடசாலைக்கே வராதிருக்கலாம். ஆகவே, இவ்வட்டைகள் பழைய மாணவர்க்கும் ஊர் வணிகர்க்கும் தபாலில் மட்டுமே செல்லவேண்டுமென்பது என் துணிபு. யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்னும் பட்டியல் வகுப்பறைக்குள் நுழையவே கூடாது.

அட்டைகளைச் சித்திர பாடவேளையிலேயே ஆயத்தஞ் செய்யலாம். பின்புறத்தில் வரைந்த பிள்ளையின் வகுப்பைக் குறித்தாற் போதும். முழுப்பெயரும் வீட்டு விபரமும் வேண்டா. பணம் சங்கக் கணக்கிற் சேர்ந்து, நூல்கள் வந்தபின், வாங்கிய நூல்களின் பெயர்களைக் கொடுத்தவர்க்கு எழுதுக. அக்கடிதத்தில் மீண்டும் பணம் கேளாதிருப்பது நன்று.