கழற்றிவைத்த காலணிகள்

வின்சென்ட் வான்கோ 1886ஆம் ஆண்டு பாரிசில் ஒரு சோடிப் பழைய காலணிகளை வரைந்தார். ஆம்ஸ்டர்டாமில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. ஒன்றரை அடி அகலம்கூட இல்லாத சிறிய ஓவியம். ஆள் இல்லை. தளர்ந்த கயிறும் மடங்கிய தோலுமாக இரண்டு காலணிகள் மட்டும் அசையாமல் இருக்கின்றன.

ஆனால் அந்த அசையாமைக்குள் நாம் பார்ப்பது நடையைத்தான். தோலின் ஒவ்வொரு மடிப்பும் ஒரு கால் பலமுறை வளைந்ததால் விழுந்தது. சந்தையில் வாங்கிய பழைய காலணிகளை மழையில் போட்டு நடந்து, சேறுபட்ட பிறகே வான்கோ வரைந்தார் என்று அவருடன் பயின்ற ஓவியர் ஒருவர் சொல்லியிருக்கிறார். உழைத்துத் தேய்ந்த பொருளே அவருக்கு வேண்டியிருந்தது.

இவை யாருடைய காலணிகள் என்று பெரும் விவாதம் நடந்தது. உழவுத்தொழில் செய்யும் ஒரு பெண்ணுடையவை என்றார் ஜெர்மானியத் தத்துவவாதி ஹைடெக்கர். 1950இல் அச்சான கட்டுரையில் வயலின் தனிமையையும் உணவுக்கான கவலையையும் இவற்றில் கண்டார். நகரத்தில் வாழ்ந்த வான்கோவின் சொந்தக் காலணிகளே இவை என்று 1968இல் மேயர் ஷப்பிரோ மறுத்தார். இவை ஒரே சோடிதானா என்று 1978இல் டெரிடா கேட்டார்.

விவாதம் அணிந்தவரைச் சுற்றியே நடந்தது. தைத்தவர் அதன் மையத்துக்கு வரவில்லை. நாம் அங்கிருந்துதான் பார்க்கத் தொடங்குகிறோம். செத்த மாட்டை உரித்த கை, தோலைப் பதனிட்ட கை, ஊசி பிடித்த கை இல்லாமல் அந்தக் காலணிகள் இல்லை. பாரிசில் அந்தத் தொழிலுக்காக ஒருவரைப் பிறப்பைச் சொல்லி ஊருக்கு வெளியே வைக்கவில்லை. இங்கே வைத்தார்கள். ஊருக்கெல்லாம் செருப்புத் தைத்தவர்களையே, ஊர்த் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கச் செய்தார்கள். அதனால் கழற்றிவைத்த செருப்பை வெறும் அசையாப் பொருளாக நம்மால் பார்க்க முடிவதில்லை.

எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை என்று கலை பேசும்போது அதை நாம் ஏற்கிறோம். அந்த இணைப்பில் யாருடைய கை விடுபட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்கிறோம். வான்கோ தேய்ந்த தோலை மரியாதையோடு பார்த்தார். அதே மரியாதை அதைத் தைத்த கைக்கும் உரியது.