அழுமூஞ்சிக் கொத்தளம்

மலை பார்த்த மும்பை: 9

வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணி வாக்கில் செம்பூர் மைத்ரி பார்க் பஸ் நிறுத்தத்தில் இரண்டு வகைக் கூட்டம் நிற்கும். புனே, கோலாப்பூர் போகிற சூட்கேஸ் கூட்டம் ஒன்று. முதுகில் மூட்டையும் காலில் முரட்டு ஷூவுமாக நிற்கிற கூட்டம் இன்னொன்று. இந்த இரண்டாவது கூட்டத்துக்கான பஸ் தாதரில் கிளம்பி, வழியில் சயானில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து சேரும். உள்ளே மராத்தியும் குஜராத்தியும் இந்தியும் கலந்து ஒலிக்கும்போதே பின்சீட்டிலிருந்து ஒரு குரல், "டேய், ஜன்னலைச் சாத்துடா" என்று கேட்டாலும் கேட்கும். மாட்டுங்கா வீட்டுப் புளியோதரை ஒரு பொட்டலமாவது அந்த பஸ்ஸில் இருக்கும். அதைச் சுமக்கிற பை தாராவியில், 90 அடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் தைத்ததாகவும் இருக்கலாம். பை தைப்பது அங்கே பெரிய தொழில்.

செம்பூர்த் தமிழருக்கு ஏற்றம் ஒன்றும் புதிதல்ல. செட்டா நகர் முருகனைப் பார்க்கவே 108 படி ஏறவேண்டும். இந்த பஸ் போகிற இடத்தில்தான் கதை வேறு. அங்கே படி எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல ஆள் வேண்டும்.

ராஜ்கட், தோரணா, ராய்கட். மூன்று மலைக்கோட்டைகளையும் தொடர்ந்து நடந்தே பார்ப்பது சஹ்யாத்ரியில் ட்ரெக் போகிறவர்களின் பழைய ஆசை. வழக்கமாக மூன்று நாள். மழைக்காலமானால் ஒரு நாள் கூடும். மும்பை மலையேறிகள் இந்த மலைகளைத் துழாவத் தொடங்கி வெகுகாலம் ஆகிறது. 'கிரிவிஹார்' என்ற மும்பை மலையேற்றச் சங்கம் 1954-ல் பிறந்தது. மும்பைக்காரரான ஹரீஷ் கபாடியா, இமயமலை ஆய்வுப் பயணங்களுக்காக லண்டன் ராயல் ஜியாக்ரஃபிகல் சொஸைட்டியின் பதக்கத்தை 2003-ல் வாங்கியவர். அவரும் சஹ்யாத்ரி நடைகளுக்கென்றே தனியாக ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார்.

பஸ்ஸில் போகிறவர்களில் பாதிப் பேரின் ஆசைப் பட்டியலில் பெரு நாட்டின் இன்கா பாதை இருக்கும். சுமார் 43 கிலோமீட்டர், நான்கு நாள், நடுவே 4,215 மீட்டர் உயரத்தில் 'இறந்த பெண்ணின் கணவாய்', கடைசிக் காலையில் மச்சு பிச்சு. அங்கே நினைத்தபோது நடக்க முடியாது. நாளொன்றுக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. வழிகாட்டி, சமையல்காரர், சுமைதூக்கி எல்லாரும் அந்த 500-க்குள் அடக்கம். உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகத்தான் போகலாம். ஒரு சுமைதூக்கி 20 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. பிப்ரவரியில் பராமரிப்புக்காகப் பாதையையே மூடிவிடுவார்கள்.

பராமரிக்க அங்கே பாதை என்று ஒன்று இருக்கிறது. இன்காக்கள் சாலை போட்ட கூட்டம். ஆந்திஸ் மலைத்தொடரில் அவர்கள் விரித்த சாலை வலை ஏறக்குறைய 30,000 கிலோமீட்டர். ஓட்டக்காரர்கள் செய்தியை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றி மாற்றிக் கொண்டுபோனார்கள். சஹ்யாத்ரியில் மராத்தியர் செய்தது இதற்கு நேர்மாறு. வழி தெரியாமல் இருப்பதுதான் அவர்களுடைய முதல் மதில். ராஜ்கட்டுக்கு ஏறும் வழிகளில் ஒன்றின் பெயரே 'சோர் தர்வாஜா', திருட்டு வாசல். அடிவாரத்துக் குஞ்சவணே கிராமத்திலிருந்து செங்குத்தாக ஏறிப்போனால், உடம்பைக் குறுக்கிக்கொண்டு நுழையவேண்டிய ஒரு சின்ன வாசல் வரும். நுழைந்த அடுத்த நிமிடம் பத்மாவதி ஏரி முன்னால் விரிந்து கிடக்கும். இவ்வளவு பெரிய தலைநகரை இவ்வளவு சிறிய பொந்துக்குப் பின்னால் ஒளித்தவனைப் பாராட்டவேண்டும் என்று தோன்றுகிற இடம் அது.

தலைநகர் என்பது மிகையில்லை. ராய்கட்டுக்கு மாறும்வரை சிவாஜி கால் நூற்றாண்டு இங்கிருந்துதான் ஆண்டார். 1,376 மீட்டர் உயர மலை. உச்சியில் ஒரு உள்கோட்டை, அதிலிருந்து மூன்று பக்கமும் கை நீட்டியதுபோல மூன்று மலைத்தோள்கள். மராத்தியில் அவற்றை 'மாச்சி' என்பார்கள். பத்மாவதி மாச்சியில் சிவாஜியின் மனைவி சயீபாயின் சமாதி இருக்கிறது. 1659-ல் இங்கேதான் இறந்தார். சுவேளா மாச்சியில் பாறையை ஊடுருவி இயற்கையாக அமைந்த ஒரு பெரிய துளை. ஊசிக்காது என்ற பொருளில் 'நேடே' என்கிறார்கள். அதில் ஏறி உட்கார்ந்தால் காற்று முதுகில் அறைகிறது. சஞ்சீவனி மாச்சிக்கு இரட்டை மதில். இரண்டு சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கிற இடைவெளி. எதிரி வெளிச்சுவரை உடைத்து உள்ளே குதித்தாலும் அந்தச் சந்தில் மாட்டிக்கொண்டு சாவான். இங்கே ஒருவர் பிறந்தார் என்பதை மட்டும் வாசகர்கள் நினைவில் வைக்கவேண்டும். சிவாஜியின் இளைய மகன் ராஜாராம், 1670-ல், இதே ராஜ்கட்டில். அவர் கட்டுரையின் கடைசியில் மறுபடி வருவார்.

ராஜ்கட்டிலிருந்து தோரணாவுக்குப் போகிற முகட்டுவழிதான் இந்த நடையின் உயிர். ஆளு தர்வாஜா வழியாக இறங்கி, மலையின் முதுகெலும்பிலேயே நடக்கவேண்டும். இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு. ஆறேழு மணி நேரம் ஆகும். வெயில் காலத்தில் தண்ணீர் கிடையாது. காலையில் பார்த்தபோது எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்த தோரணா, மதியமும் அதே தூரத்தில் இருக்கும். கடைசியில் புத்லா மாச்சி பக்கம் ஒரு பாறை ஏற்றம். அங்கே இருக்கிற கொத்தளத்துக்குப் பெயர் 'ரட்தோண்டி புருஜ்'. ரட்தோண்டி என்றால் அழுகிற முகம். நம் பேச்சில் அழுமூஞ்சி. பெயர் வைத்தவனுக்கு அனுபவம் இருந்திருக்கிறது. மூன்று லிட்டர் தண்ணீரும் தீர்ந்து, முட்டி நடுங்கி, இரும்பு ஏணியைப் பிடித்துக்கொண்டு அங்கே நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்தால் மராத்தி அகராதி தேவைப்படாது.

1,403 மீட்டர் உயரத் தோரணாதான் சிவாஜி பிடித்த முதல் கோட்டை என்பது மகாராஷ்டிரத்தில் குழந்தைக்கும் தெரிந்த கதை. அப்போது அவருக்கு வயது பதினாறு என்பார்கள். மேலே மேங்காய் தேவி கோயில் இருக்கிறது. மாங்காய் இல்லை, மேங்காய். தமிழ்க் காதுகளுக்கு மட்டும் கிடைக்கிற சிரிப்பு அது.

இத்தனை வழியும் அத்துபடியாகத் தெரிந்தவர் யார்? மும்பையிலிருந்து கூடவே வருகிற 'லீடர்' பெரும்பாலும் வார நாட்களில் அலுவலகம் போகிற இளைஞர். முதலுதவி தெரியும், கயிறு கட்டத் தெரியும், ஆள் எண்ணத் தெரியும். முகட்டில் மூடுபனி இறங்கி பத்தடி முன்னால் தெரியாமல் போகும்போது குழு திரும்பிப் பார்ப்பது வேறொருவரை. முந்தைய இரவு சாப்பாடு போட்ட கிராமத்துக்காரர், ரப்பர் செருப்போடு, கையில் ஒரு குச்சியோடு முன்னால் போய்க்கொண்டிருப்பார். எல்லாரும் அவரை 'மாமா' என்பார்கள். மராத்தியிலும் அம்மாவின் சகோதரன் மாமாதான். அவர் மனைவியை 'மாவ்ஷி', சித்தி என்பார்கள். மாவ்ஷி கை பிட்லாவும் பாக்ரியும் இடித்த மிளகாய்த் தேச்சாவும் முன்னால் வந்தால் புளியோதரைப் பொட்டலம் பைக்குள்ளேயே இருந்துவிடும். எந்தப் பாறைத்தொட்டியில் மே மாதத்திலும் தண்ணீர் இருக்கும், எந்தப் புல்சரிவு மழையில் வழுக்கும் என்பது மாமாவுக்குத்தான் தெரியும். சிவாஜியின் காலாட்படைக்கு மாவளே என்று பெயர் வந்ததே மாவள் என்கிற இந்தப் பள்ளத்தாக்குகளின் குடியானவர்களால்தான். அந்த அறிவுக்கு இன்றைக்குக் கிடைப்பது சாப்பாட்டுக் காசும் ஒருநாள் கூலியும். பெருவில் சுமைதூக்கிக்கு இருக்கிற எடைச் சட்டம் மாதிரி ஒன்றை நம் மாமாவுக்காக யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் இதைப் பற்றி யோசிக்க வைத்தது ஒரு சாவு வீடு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்து 20-க்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தார்கள். அதன்பிறகு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு அரசே மலையேற்றத் திட்டம் தொடங்கி, உள்ளூர் மக்களை வழிகாட்டிகளாக்கியது.

மூன்றாம் நாள் இறக்கம். தோரணாவிலிருந்து மேற்கே மோஹரி கிராமம். அங்கிருந்து ராய்லிங் பீடபூமி. அதன் விளிம்பில் நின்றால் எதிரே லிங்காணா ஊசிபோல் எழுந்து நிற்கிறது. மராத்தியர் காலத்தில் அது சிறைச்சாலை; தப்பித்து எங்கே போவது? பக்கத்தில் 'போராட்யாசி நாள்' வழியாகக் கொங்கணத்துக்கு இறங்கவேண்டும். இந்த 'நாள்' கிழமை இல்லை. இரண்டு பாறைச்சுவர்களுக்கு நடுவே கல்லும் சரளையுமாகச் சரிகிற இடுக்குக்கு மராத்தியில் அந்தப் பெயர். ஒருவர் மிதித்த கல் கீழே போகிறவர் தலையைத் தேடும். அதனால் இடைவெளி விட்டு, ஒருவர் பின் ஒருவராக இறங்கச் சொல்வார்கள்.

ராய்கட் வந்ததும் காட்சி மாறிவிடுகிறது. 1996 முதல் ரோப்வே ஓடுகிறது; மூன்று நாள் அழுக்கோடு வருகிறவர்கள் பக்கத்தில் பட்டுப்புடவையில் குடும்பங்கள் நிற்கும். 1674 ஜூன் 6 அன்று சிவாஜி இங்கே முடிசூடியதைப் பார்க்க, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஹென்றி ஆக்ஸெண்டன் பம்பாயிலிருந்து வந்து மேலே ஏறினார். பம்பாயிலிருந்து வழித்துணையோடு வந்து ராய்கட் ஏறியவர்களில் பெயர் தெரிந்த மூத்தவர்களில் அவரும் ஒருவர் என்று சொல்லலாம். அவர் ஏற ரோப்வே இல்லை.

ஆக்ஸெண்டன் பார்த்த அரண்மனையை இன்று பார்க்க முடியாததற்குக் காரணமும் அவர் கம்பெனிதான். 1818 மே மாதம் பீரங்கி அடித்ததில் மேலே இருந்த மாளிகைகள் எரிந்துபோயின. கல்மேடைகளும் கடைத்தெருவின் உயரமான இரட்டை வரிசையும் ஜகதீஸ்வரர் கோயிலும் மிஞ்சின. கோயில் படி ஒன்றில், கோட்டையைக் கட்டிய ஹிரோஜி தன் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறார். கும்பிட வருகிறவர்களின் கால் படுகிற இடம்.

அதே 1818-ல் நாசிக் பக்கத்து மலைகளில் கேப்டன் பிரிக்ஸ் என்பவரின் ஆட்கள் கோட்டைப் படிகளைத் தேடித் தேடி வெடி வைத்தார்கள். கசாரா லோக்கல் பிடித்துப் போகிறவர்கள் அலங், மதன் கோட்டைகளில் கயிறு கட்டி ஏறுவது அதனால்தான். பெருவிலோ மச்சு பிச்சுவைக் காடு மூடியது. 1911-ல் ஹிராம் பிங்ஹாம் போனபோது உள்ளூர்க்காரர் ஒருவர்தான் வழிகாட்டினார். ஒதுக்கிப் பார்க்கக் கல்லெல்லாம் அப்படியே இருந்தது. இங்கே மறைந்திருந்த வழியை வந்தவர்கள் கண்டுபிடித்து உடைத்துவிட்டார்கள்.

இனி ராஜாராம். 1689-ல் அண்ணன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றபிறகு ராய்கட்டில் அரசுப் பொறுப்பு பத்தொன்பது வயது ராஜாராமிடம் வந்தது. மொகலாயப் படை மலையைச் சுற்றிக்கொண்டது. அண்ணி யேசுபாய், தான் பிள்ளையோடு பின்தங்கி, கொழுந்தனைத் தப்பிப் போகச் சொன்னார். ராஜாராம் பிரதாப்கட், பன்ஹாளா என்று மலை மலையாகத் தாவி, பிறகு யாத்திரீகர் வேடத்தில் தெற்கே இறங்கினார். வழியில் அடைக்கலம் தந்த கெளதி ராணி சென்னம்மா அதற்காகவே ஔரங்கசீப்பின் பகையைச் சம்பாதித்தார். வருடக் கடைசிக்குள் ராஜாராம் வந்து சேர்ந்த இடம் நம் செஞ்சி. 1677-ல் அப்பா பிடித்துவைத்திருந்த கோட்டை. ஆனந்தக் கோன் 1200 வாக்கில் அதைத் தொடங்கினார் என்பது வழக்கு. அப்படியானால் 15-ஆம் நூற்றாண்டு மச்சு பிச்சுவுக்கு அது மூத்தது.

ராய்கட்டைப் பிடித்து 'ஜுல்பிகார் கான்' என்ற பட்டம் வாங்கிய மொகலாயத் தளபதியே செஞ்சிக்கும் வந்து, எட்டு வருடம் கோட்டையைச் சுற்றி உட்கார்ந்தார். 1698-ல் செஞ்சி விழுந்தபோது ராஜாராம் அங்கே இல்லை, மறுபடியும் தப்பித்திருந்தார்.

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் யுனெஸ்கோ, மராத்தியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ராஜ்கட்டும் ராய்கட்டும் அதில் உண்டு, தோரணா இல்லை. பன்னிரண்டாவது செஞ்சி. கோடை விடுமுறைக்கு ஊர் போகிற மும்பைத் தமிழர்கள் திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை பஸ்ஸில் அந்தப் பாறைக்குன்றுகளைக் கடந்துதான் போகிறார்கள். ராஜகிரி உச்சிக்கு வெட்டிய படிகள் இருக்கின்றன. மாமா தேவையில்லை. கடைசியில் ஒரு பிளவு, அதன்மேல் ஒரு சிறு பாலம். அந்தக் காலத்தில் அதை எடுத்துவிட்டால் மேலே இருப்பவன் பத்திரம். ரட்தோண்டியைத் தாண்டி வந்த ஒரு தாராவிப் பையன் அந்தப் பாலத்தில் நின்று கீழே பார்க்கும்போது, கூட வந்த பாட்டி படிக்கட்டில் உட்கார்ந்து கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "மேல தண்ணி இருக்காய்யா?"

இருக்கிறது. செஞ்சியின் தண்ணீரைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)