மங்கும் பெப்டைடும்

பரு ஆறிய இடத்தில் எஞ்சும் கரும்புள்ளியும் கன்னத்தில் படரும் மங்கும் நம்மவரிடையே மிகுதி. அவற்றைப் போக்குவதாகக் கூறும் பெப்டைடு முகப்பூச்சுகள் இன்று பெருகிவிட்டன. அவற்றை ஆராயுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கருமை தோலின் இயல்பு. மங்கு அதன்மேல் விழும் மாற்றம். இவ்விரண்டையும் ஒன்றாகக் காட்டியே வெண்மைப் பூச்சு வணிகம் செழித்தது.

வெண்ணிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் நிறமி உயிரணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. கருநிறத் தோலில் அவை ஆக்கும் மெலனின் துகள்கள் பெரியவை, தனித்தனியே பரவி நிற்பவை, மெல்லச் சிதைபவை. இவ்வுயிரணுக்கள் எளிதில் தூண்டப்படுபவை. ஒரு பரு, ஒரு கீறல், ஏன், எரிச்சலூட்டும் ஒரு களிம்புகூடப் போதும். அழற்சி தணிந்த பின்னும் கறை நின்றுவிடுகிறது. ஆகவே, கடுமையான மருந்தே கறையைப் பெருக்கக்கூடும். ஹைட்ரோகுவினோனை நெடுங்காலம் அளவின்றிப் பூசியவர்களின் முகம் நீலக்கருமை அடைந்ததைத் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1975இல் எழுதினர். அந்நாடு 1990இல் அதனை அழகுப் பொருள்களில் தடைசெய்தது.

பெப்டைடின் கவர்ச்சி இங்கேதான் தொடங்குகிறது. அமினோ அமிலங்கள் சில கோத்த குறுஞ்சரமே பெப்டைடு. மெலனினை ஆக்குமாறு நிறமி உயிரணுவுக்குக் கட்டளையிடும் இயற்கைத் தூதும் 13 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடே. நோனாபெப்டைடு-1 என்னும் ஒன்பது கண்ணிச் சரம், அத்தூது வந்து பொருந்தும் ஏற்பியில் தான் அமர்ந்துகொள்கிறது; பூட்டினுள் நுழைந்தும் திறக்காத சாவியைப் போல. டெக்காபெப்டைடு-12 வேறு வழியில் செல்கிறது. மெலனின் ஆக்கத்திற்கு இன்றியமையாத தைரோசினேஸ் நொதியை அது தடுக்கிறது. உயிரணுவைக் கொல்லாமல் அதன் வேலையை மட்டும் குறைப்பதே இரண்டின் நோக்கம்.

ஆயினும், தூது உரிய இடத்தைச் சென்றடைய வேண்டுமே! தோலின் மேலடுக்கு ஓர் அரண். மூலக்கூற்று எடை 500 டால்டனை மிஞ்சினால் பொருள்கள் அதனை எளிதில் கடப்பதில்லை என்று போஸ், மைனார்டி என்னும் ஆய்வாளர் இருவர் 2000ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர். ஒன்பது கண்ணிச் சரத்தின் எடையோ ஆயிரத்தைத் தாண்டும். கொழுப்பு அமிலத்தை ஒட்டியும் நுண்குமிழ்களில் அடைத்தும் அதனை உட்செலுத்த முயல்கின்றனர். ஆய்வுக்கூடத் தட்டில் மெலனினைக் குறைத்தது முகத்திலும் குறைக்கும் என்று கொள்வதற்கில்லை. மனிதரிடத்தே நடந்த ஆய்வுகள் சில, பங்கேற்றோரும் குறைவு. பிற மருந்துகளோடும் வெயில்காப்புப் பூச்சோடும் சேர்த்தே பெப்டைடைப் பூசிய ஆய்வுகளில், பலன் எதனால் விளைந்தது என்று பிரித்தறிவது கடினம். எனவே பெப்டைடைத் துணையாகக் கொள்ளலாமே தவிர, அசெலாயிக் அமிலம், நியாசினமைடு போன்றவற்றுக்கு மாற்றாகக் கொள்வது பொருந்தாது என்பதே என் கருத்து.

எதைப் பூசினாலும் இரண்டு மூன்று மாதங்களேனும் பொறுத்திருக்க வேண்டும். தோலின் ஆழ்ந்த அடுக்கில் இறங்கிவிட்ட நிறமி அதற்கும் இணங்குவதில்லை. ஒளியைத் தடுக்காவிடில் எல்லா முயற்சியும் வீண். கருநிறத் தோலைப் புறஊதாக் கதிர் மட்டுமன்றிக் கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் கருக்கச் செய்கிறது. அதனை நிறமற்ற வெயில்காப்புப் பூச்சுகள் பெரும்பாலும் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல்நிறச் சாயல் கொண்ட பூச்சுகளே ஓரளவு தடுக்கின்றன. நிலநடுக்கோட்டை ஒட்டி வாழும் நமக்கு இது ஆண்டு முழுவதும் பொருந்தும்.