லினக்சில் நினைவட்டைப் படிப்பான் பழுது நீக்கல்

நினைவட்டைப் படிப்பான் (கார்டு ரீடர்) என்பது கேமரா, கைப்பேசி முதலியவற்றில் உள்ள நினைவட்டையைக் கணினியின் யூஎஸ்பி செருகுவாய் வழியாகப் படிக்க உதவும் சிறு கருவி ஆகும். விலை குறைந்த இக்கருவி எளிதில் பழுதாகும். பழுது படிப்பானில் இருக்க, அட்டைதான் கெட்டுவிட்டது என்று எண்ணி ஃபார்மட் செய்து, திருமணப் படங்களை இழந்தவர்கள் உண்டு. ஆகவே பழுது எங்கே என்று தெரியும்வரை அட்டையில் எதையும் எழுதக் கூடாது.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக லினக்சு பல மாணவர்களின் வீட்டுக்குள் வந்தது. அம்மடிக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இடம்பெற்றது. இது டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய இயங்குதளம். கீழ்க்காணும் கட்டளைகள் அதற்கும் உபுண்டு போன்றவற்றுக்கும் பொருந்தும்.

பழுது எங்கே?

முதலில், படிப்பான் வந்திருப்பதைக் கணினி உணர்கிறதா என்று அறிய வேண்டும். முனையத்தில் எல்-எஸ்-யு-எஸ்-பி என்னும் ஐந்தெழுத்துக் கட்டளையை இட்டால், இணைந்துள்ள யூஎஸ்பி கருவிகளின் பட்டியல் வரும். படிப்பானைச் செருகும் முன்பும் பின்பும் இட்டுப் பார்த்தால், புதிதாக ஒரு வரி கூடியிருக்க வேண்டும். கூடவில்லை என்றால் அட்டையைக் குறை சொல்ல இடமில்லை; செருகுவாய், கம்பி, படிப்பான் ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணம். நீட்டிப்புக் கம்பியையும் ஹப்பையும் நீக்கிவிட்டு நேரடியாக வேறு செருகுவாயில் பொருத்திப் பார்க்கலாம்.

அடுத்து, சூடோ என்னும் சொல்லை முன்னிட்டு டி-எம்-இ-எஸ்-ஜி கட்டளையை இட்டால் கருனியின் செய்திகள் தெரியும். கடைசிச் சில வரிகளே போதும். பிழை எண் -71 என்றால் தகவல் பரிமாற்றம் குலைகிறது. -110 என்றால் கருவி உரிய நேரத்தில் விடை தரவில்லை. இரண்டும் பெரும்பாலும் தளர்ந்த இணைப்பு, போதாத மின்சாரம் ஆகியவற்றால் வருபவை.

படிப்பான் தெரிந்தும் அட்டை தெரியாத நிலையே பலரைக் குழப்புவது. எல்-எஸ்-பி-எல்-கே கட்டளை சேமிப்புக் கருவிகளைக் கொள்ளளவுடன் காட்டும். அட்டை இல்லாத வெற்றுச் செருகுவாயை அது வழக்கமாகக் காட்டாது. ஆகவே முதல் பட்டியலில் படிப்பான் இருந்து, இப்பட்டியலில் எதுவும் கூடாவிட்டால், படிப்பான் அட்டையை உணரவில்லை என்று பொருள். அதே அட்டையை வேறு படிப்பானிலும், வேறு அட்டையை இதே படிப்பானிலும் இட்டுப் பார்த்தால் குற்றவாளி யார் என்பது தெரிந்துவிடும்.

கடலூர் சிப்காட்டை ஒட்டிய குடிகாடு போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் உலோகத் தொடுமுனைகள் மங்குவது எதிர்பார்க்கக் கூடியதே. அட்டையின் பொன்னிற முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்ககால் தொட்ட மென்துணியால் துடைத்து, நன்கு உலர்ந்த பின் செருகலாம். உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் பூச்சே போய்விடும்.

பழைய படிப்பான் என்றால் கொள்ளளவையும் பார்க்க வேண்டும். எஸ்டி அட்டையின் வரம்பு 2 ஜிபி. எஸ்டிஹெச்சி 32 ஜிபி வரை. அதற்கு மேல் எஸ்டிஎக்ஸ்சி. முதல் வகைக்காக மட்டும் செய்யப்பட்ட படிப்பானில் 16 ஜிபி அட்டை வேலை செய்யாது. அது பழுதன்று.

எழுத முடியாதபோது

அட்டை திறந்தும் கோப்பைச் சேர்க்க முடியாவிட்டால், ஓரத்தில் உள்ள பூட்டுப் பொத்தானைப் பார்க்க வேண்டும். அது வெறும் பிளாஸ்டிக் துண்டே. அதன் நிலையைத் தொட்டறிவது படிப்பானில் உள்ள சிறு சுவிட்சு. அச்சுவிட்சு கெட்டால் எல்லா அட்டைகளும் பூட்டப்பட்டவையாகத் தோன்றும். பொத்தான் உதிர்ந்த அட்டையில் அவ்விடத்தை மெல்லிய ஒட்டுநாடாவால் மூடினால் போதும்.

எஸ்டிஎக்ஸ்சி அட்டைகள் எக்ஸ்ஃபேட் கோப்பு முறைமையில் வருகின்றன. 2019-இல் வெளிவந்த 5.4 பதிப்பில்தான் லினக்சு கருனி அதற்கு நேரடி ஆதரவு பெற்றது. 2020-இல் வந்த 5.7-இல் மேம்பட்ட இயக்கி சேர்ந்தது. பழைய பாஸ் லினக்சில் இதற்கெனத் தனிப் பொதியை நிறுவ வேண்டும். விண்டோசில் திறந்து லினக்சில் திறக்காத அட்டைக்கு இது ஒரு காரணம்.

தரவு மீட்பு

உண்மையிலேயே அட்டை பழுதானால், செப்பனிடும் கட்டளைகளை அதன் மீது நேரடியாக ஓட்டுவது ஆபத்து. முதலில் டிடிரெஸ்க்யூ மென்பொருளால் அட்டை முழுவதையும் வன்தட்டில் ஒரே கோப்பாகப் படியெடுக்க வேண்டும். மூலத்தையும் இலக்கையும் மாற்றி எழுதினால் இருப்பதும் அழியும் என்பதால் கருவியின் பெயரை இருமுறை சரிபார்ப்பது நல்லது. பின்னர் அப்படியின் மீது ஃபோட்டோரெக் மென்பொருளை இயக்கிப் படங்களைத் தேடலாம். கோப்பின் பழைய பெயர்கள் பெரும்பாலும் திரும்ப வாரா, படங்கள் வரும்.

புதிய அட்டையில் சில ஜிபி வரை ஒழுங்காகப் பதிந்து, பிறகு கோப்புகள் சிதைந்தால், கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலி அட்டையாக இருக்கலாம். எஃப்3 என்னும் கட்டற்ற மென்பொருள் அட்டை நிறைய எழுதி, மீளப் படித்து, உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும். இச்சோதனையை வெற்று அட்டையில்தான் செய்ய வேண்டும்.