மெக்சிகோவில் பிறந்த மலர், தெலங்கானாவில் வழிபடும் மலர்: பதுக்கம்மா விழாவின் பின்னணி

ஹைதராபாத்: செகந்திராபாத்தின் லாலாகுடா, ரயில்வே பணிமனையால் பெயர்பெற்ற பகுதி. நிஜாம் ஆட்சிக் காலத்தில், 1893-இல் அமைக்கப்பட்ட அப்பணிமனையையொட்டி ஆங்கிலோ இந்தியர் உட்படப் பல சமூகத்தினர் குடியேறினர். தெலங்கானாவின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் மகாளய அமாவாசை நாளில் பதுக்கம்மா விழா தொடங்குகிறது. பெண்கள் தட்டில் மலர்களைக் கோபுரம்போல் அடுக்கி, அதைச் சுற்றிக் கைகொட்டிப் பாடுகின்றனர்.

அக்கோபுரத்தில் ஒளிரும் செண்டுமல்லி இந்திய மண்ணுக்கு உரியதன்று. தெலுங்கில் ‘பந்தி’ எனப்படும் இம்மலரின் தாயகம் மெக்சிகோ. ஐரோப்பியக் கடலோடிகளின் வழியாகவே அது இந்தியாவை வந்தடைந்தது.

இறந்தோரை அழைக்கும் மலர்

மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் ‘இறந்தோர் தினம்’ கொண்டாடப்படுகிறது. முதல் நாள் மறைந்த குழந்தைகளுக்கும், மறுநாள் பெரியவர்களுக்கும் உரியது. வீட்டில் பலிபீடம் அமைத்து, இறந்தவரின் படத்தையும் அவர் விரும்பிய உணவையும் வைப்பர். கல்லறையிலிருந்து வீடு வரை செண்டுமல்லி இதழ்களைத் தூவுவதும் உண்டு. அதன் நிறமும் மணமும் ஆன்மாக்களுக்கு வழிகாட்டும் என்பது நம்பிக்கை. அஸ்டெக் மக்களின் மொழியில் இம்மலரின் பெயருக்கு ‘இருபது மலர்’ என்று பொருள். 1521-இல் ஸ்பானியர் அஸ்டெக் தலைநகரைக் கைப்பற்றிய பின், பழங்குடி வழக்கங்களும் கத்தோலிக்கரின் கல்லறைத் திருநாளும் கலந்து இவ்விழா உருப்பெற்றது. யுனெஸ்கோவின் மானுட மரபுப் பட்டியலில் 2008-இல் இது இடம்பெற்றது.

‘வாழ்வாயாக, அம்மா’

இரு விழாக்களுக்கும் வரலாற்றுத் தொடர்பு கிடையாது. எனினும், பதுக்கம்மா தொடங்குவதும் முன்னோருக்கு எள்ளும் நீரும் இறைக்கும் நாளில்தான். தெலுங்கில் ‘பதுகு’ என்றால் வாழ்வு. தர்மாங்கதன் என்னும் சோழ மன்னனும் அவன் மனைவி சத்தியவதியும் தம் நூறு மகன்களைப் போரில் இழந்தனர். நெடுநாள் தவத்துக்குப் பின் பெண் குழந்தை பிறந்தது. பல இடர்களிலிருந்து தப்பிய அவளை ‘வாழ்வாயாக, அம்மா’ என்று வாழ்த்திப் பதுக்கம்மா எனப் பெயரிட்டனர் என்கிறது வாய்மொழிக் கதை. வரலாறு அறிந்த சோழ மன்னர் வரிசையில் தர்மாங்கதன் பெயர் இல்லை. ஆனால் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில் அடுத்த குழந்தையேனும் பிழைக்க வேண்டும் என்ற ஏக்கம், கொள்ளைநோய்களும் பஞ்சமும் கண்ட தக்காணத்துத் தாய்மார்களுக்குப் புதிதல்ல.

முதல் நாளுக்கு ‘எங்கிலிப் பூல பதுக்கம்மா’ என்று பெயர். எங்கிலி என்பது எச்சில். முந்தைய நாளே பறித்த பூக்களைப் பயன்படுத்துவதால் இப்பெயர் வந்தது என்பது ஒரு விளக்கம். ஆறாம் நாள் அம்மன் கோபித்துக்கொள்கிறாள் எனக் கருதி, அன்று மலர் அடுக்குவதும் இல்லை, படையலும் இல்லை. பாடல்களில் ஊஞ்சல் என்று பொருள்படும் சொல்லே ஒவ்வோர் அடியின் இறுதியிலும் திரும்பத் திரும்ப வரும். சீதையின் கதை முதல் மாமியார் கொடுமை வரை எதையும் அதில் பாடலாம்.

தனி மாநிலப் போராட்டத்தின் அடையாளங்களுள் ஒன்றாக விளங்கிய இவ்விழா, 2014-இல் தெலங்கானாவின் அரசு விழாவானது. மாநில மலராக அறிவிக்கப்பட்ட ஆவாரம்பூவே கோபுரத்தின் முதன்மை மலர். உடன் வைக்கும் ‘குனுகு’ நம்மூர்ப் பண்ணைக்கீரைப் பூ. செண்டுமல்லி தோட்டங்களில் பயிராகிறது. ஆவாரையும் குனுகும் தரிசு நிலங்களில் தாமே வளர்பவை. தரிசுகள் குடியிருப்புகளாகிவிட்ட ஹைதராபாத்தில், கிராமங்களிலிருந்து வரும் பூக்களையே விலைகொடுத்து வாங்க வேண்டியுள்ளது.

துர்காஷ்டமியையொட்டி நிறைவு நாளில் ‘சத்துல பதுக்கம்மா’. மலர்க் கோபுரங்களை ஏரியிலும் குளத்திலும் மிதக்கவிட்ட பின், உச்சியில் வைத்திருந்த மஞ்சள் கௌரியம்மனின் மஞ்சளைப் பெண்கள் ஒருவருக்கொருவர் பூசிக்கொள்கின்றனர். ரொட்டியும் வெல்லமும் பிசைந்த ‘மலீதா’வைப் பகிர்ந்து உண்டபின் வீடு திரும்புகின்றனர்.