வேகத்தைக் குறை, மின்சாரம் பாதி!

பல தொழிற்சாலைகளில் பம்ப் எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடுகிறது. தண்ணீர் குறைவாகத் தேவைப்பட்டால் வால்வைத் திருகி அடைப்பார்கள். எண்ணெயை அழுத்திக்கொண்டே பிரேக் போடும் கதைதான்!

மாறுவேக இயக்கி என்னும் மின்னணுக் கருவி, மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி, வேகத்தையே குறைக்கிறது. சுழல்விசைப் பம்புக்குத் தேவையான திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகம் 80 விழுக்காடானால் 0.8 × 0.8 × 0.8 = 0.512. ஏறக்குறைய பாதி மின்சாரம் மிச்சம்! உயரத் தொட்டிக்கு நீரேற்றும் பம்பில் இவ்வளவு மிஞ்சாது. கன்வேயருக்கு இந்தக் கணக்கே பொருந்தாது.

சிங்கப்பூரில் தொழில்துறை மோட்டார்கள் பலவற்றுக்கு 2018 அக்டோபர் முதல் ஐஇ3 தரம் கட்டாயம். ஆனால், தரமான மோட்டாரும் பாதி மூடிய வால்வுக்கு எதிராக ஓடினால் என்ன பயன்? வேலைப் பயிற்சிக்குப் போகும் மாணவர்களே, அங்குள்ள வால்வுகளைக் கவனியுங்கள். பாதி மூடியிருந்தால், ஏன் என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள்.